போனா மச்சான்

அந்தப் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறு வாரம். "போனா மச்சான் வர்றார், காசுப் பேச்சை மட்டும் எடுத்துடாதே" என்றான் கணவன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று அவள் முகம் சுளித்தாள். வந்தவர் கணவனின் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். யார் எதில் பணம் போடப் போவதாகச் சொன்னாலும் முகத்துக்கு நேரே "போனா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். நல்ல காரியம் பேசும் இடத்தில் அவரைச் சேர்க்காமலே சொந்தக்காரர்கள் காலத்தை ஓட்டினார்கள்.

பதினேழு வருஷம் கழித்து, டயர் ஃபேக்டரியில் இயந்திரத்தில் மாட்டி அவள் கணவனின் வலது கை உதவாமல் போனது. நஷ்டஈடாக ஒரு தொகை வந்தது. இனிச் சம்பளம் கிடையாது. பெண்பிள்ளைகள் இரண்டு, தையல் மிஷின் ஒன்று. மிச்ச வாழ்க்கைக்கெல்லாம் அந்தத் தொகைதான்.

அவள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது என்று மூன்றாகப் பிரித்தாள். ஒரு பங்கு, ஃபேக்டரி வாசலில் தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு. ஒன்று, தொழிலாளிகளை ஏற்றி இறக்கும் எதிர்வீட்டுக்காரர் வேனுக்கு. இன்னொன்று, ஃபேக்டரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட நாலு அறை கட்ட.

கணவனைப் பார்க்க வந்த போனா மச்சான், துணி வெட்டும் மேஜையோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உங்க கேள்வியைக் கேளுங்கண்ணா. கடை போனா வேன் இருக்கு. வேன் போனா ரூம் இருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?"

"ஃபேக்டரி போனா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணா?"

"உங்க அண்ணியும் முப்பது வருஷமா அதைத்தாம்மா கேக்குறா." சிரித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லிஃப்டை அஞ்சு கயித்துல தொங்க விடுவோம். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும். அஞ்சையும் ஒரே கொக்கியில மாட்டினா? நான் அதைத்தான் பண்ணேன். மூணு மேஸ்திரிங்ககிட்ட பணம் போட்டேன். மூணு பேரும் ஒரே முதலாளிக்குத்தான் கட்டடம் கட்டுறாங்கன்னு எனக்குத் தெரியல. அந்த ஆள் நொடிச்சுப் போனதுல உங்க அண்ணி வளையலெல்லாம் போச்சு."

அதுவரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"தம்பிக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டேனே."

"குடு. திரும்பி வரலைன்னாலும் அவனோட பேச்சுவார்த்தை நிக்காத அளவுக்குக் குடு."

கொஞ்சம் கொடுத்தாள். பெரும்பகுதி பேங்க் டெபாசிட்டில் போனது. ஒரு சின்னத் துண்டு மட்டும் பங்குச்சந்தை ஃபண்டில். "இது நடுவுல பாதியாக் கூட ஆகும். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்காதே" என்றார். தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். "போனா மச்சான் பேச்சைக் கேட்டுக் கூடப்பொறந்தவனை விட்டுட்டியே" என்று எட்டு மாதம் வாசல் மிதிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஃபேக்டரியை மூடினார்கள். வேன் வந்த விலைக்குப் போனது. தம்பி கடை அடுப்பு அணைந்தது. அவள் கொடுத்த கொஞ்சமும் அதோடு சரி. அதே சமயம் ஃபண்டும் விழுந்தது. எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது, ஆனால் எடுக்கவில்லை. டெபாசிட் வட்டியிலும் தையல் கூலியிலும் தம்பி வீட்டையும் சேர்த்து இரண்டு குடும்பம் சாப்பிட்டது. பெரியவளின் நர்ஸிங் ஃபீஸ் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னபடியே ஆயிடுச்சேண்ணா."

"நான் எங்கேம்மா சொன்னேன்? கேட்கத்தானே செஞ்சேன். ஃபேக்டரி ஓடியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பணம் போட்ட பதினாறாம் வருஷம் அண்ணி இறந்தபோது, மீண்டு வளர்ந்திருந்த ஃபண்டுப் பணத்தில் அவள் தன் வீட்டில் ஒரு அறை கூடுதலாகக் கட்டினாள். தம்பிதான் போய் அவரைப் பெட்டியோடு அழைத்து வந்தான். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. அந்த அறையில் இருக்கிறார்.