சுவரைப் பார்த்து நின்றவர்

இறந்துபோன என் கணவரின் படங்களெல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. எங்கள் மலையூரான கட்டபெட்டின் மழையில் ஒருநாள் அது ஆன் ஆகவில்லை. பழுது பார்க்க வந்தவர் குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே பெட்டியைத் திறந்து முகர்ந்தார்.

"ஈரமுங்க. அப்படியே போட்டாப் பொகைஞ்சிரும்."

பூஞ்சை பிடிக்காமலிருக்க நாங்கள் துணி பீரோவுக்குள் எரியவிடும் குண்டு பல்பை என்னிடம் கேட்டு வாங்கி, உள்ளே வைத்துக் காயவிட்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "சுவிட்சை நீங்களே போடுங்க" என்றார்.

"ஏனுங்க, உங்களுக்கே பயமா?"

"மெஷினுக்குப் பயமில்லீங்க. வரலைன்னா உங்க மொகத்தைப் பாக்கோணுமே, அதுக்குத்தானுங்க."

சுவிட்சைப் போட்டேன். வெகுநேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரையில் என் கணவர் சிரித்தார். எனக்குப் பேச்சு வரவில்லை.

என் மௌனத்தை மட்டும் கேட்டு, சுவரைப் பார்த்து நின்றவரின் தோள்கள் மெல்லத் தொங்கின.