மூன்று குடை, இரண்டு எலுமிச்சை

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. பையில் பதினான்கு பொருட்கள். அடிவாரத்து பஸ் நிறுத்தத்தில் நின்று இரண்டாவது முறையாக எண்ணி முடித்திருந்தேன். மலைக்குப் போகிற பஸ் 6.50க்கு. சாதிக் பாயைக் காணோம். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர் எனக்குப் பின்னால் வந்ததில்லை. நாற்பத்தொரு பொருளைச் சுமந்துகொண்டு நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வதற்கு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அப்போது போன் அடித்தது. அவருடைய மைத்துனர்.

"தம்பி, பஸ் ஏறிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. பாய் எங்கே? பத்து நிமிஷம்தான் இருக்கு."

"ஏறாதீங்க. மச்சான் மவுத்தாயிட்டாருங்க."

அதிகாலைத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, அரை மணி நேரம் சாய்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். இதைக் கேட்டுவிட்டு நான் சொன்னதை அவரை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. "அப்போ இன்னைக்கு வரமாட்டாரா?" என்று கேட்டேன். டிப்ளமோ படித்தவன் கேட்ட கேள்வி அது.

எங்கள் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். கொல்லிமலைச் சுகாதார நிலையங்களில் இருக்கிற தடுப்பூசி ஃபிரிட்ஜ்களை ஓடவைப்பது. ஒப்பந்தக் கம்பெனி, இரண்டு ஆள், எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் படித்துவிட்டு வந்தவன். அவர் லாரி, மோட்டார் ஒர்க்‌ஷாப், மிக்சி ரிப்பேர் என்று சுற்றிவிட்டு வந்தவர். அவர் எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்தார் என்று எழுதினால் அது பொய். மூன்று வருடமும் சண்டைதான் போட்டோம். சண்டை முழுக்கப் பையைப் பற்றி.

பாயிடம் மூன்று பைகள் உண்டு. ஆடியில் மழைப் பை, மார்கழியில் பனிப் பை, மாசி முடிந்தால் வெயில் பை. மழைப் பைக்கு உள்ளே உரச்சாக்கு வைத்துத் தைத்திருப்பார். ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எல்லாரும் தூக்கிப் போடுவோம். அவர் சேர்த்து, மொட்டைமாடியில் காயவைத்து, மீட்டரோடு டப்பாவில் போட்டு மூடுவார். பனிப் பையில் விரல்நுனி வெட்டிய கையுறையும் ஒரு காய்ந்த பனியனும் இருக்கும். ஏறும்போது வேர்க்கும், நின்றால் நடுங்கும், அதற்கு. வெயில் பைக்கு ஜிப்பே கிடையாது. கயிற்று முடிச்சு, அதுவும் இரட்டை முடிச்சு.

"இது என்ன காலத்துப் பை பாய்? ஜிப்பு இல்லாம?" என்று கேட்டேன்.

"ஜிப்பு தொறக்கத் தெரிஞ்சவன் மல மேல இருக்கறான் தம்பி."

நான் அப்போதுதான் ஆன்லைனில் ஒரு பை வாங்கியிருந்தேன். பதினெட்டு அறை, தண்ணீர் புகாத துணி. சித்திரை மாதம், தண்ணீருக்காகக் குரங்குகள் ரோட்டுக்கு வந்துவிடுகிற நேரம். ரேடியேட்டர் சூடாகி பஸ்ஸை வளைவில் நிறுத்தினார்கள். பையை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். குரங்கு ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, புளிசாதத்தை எடுத்துக்கொண்டு, டெஸ்டரை என் பக்கம் வீசிவிட்டுப் போனது. பாய் ரோட்டோரம் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பதினெட்டையும் தொறந்து பாத்துட்டுத்தான் போச்சு. நீ ஒரு டெஸ்டர் எடுக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் தேடுவே. அதயே வேலைக்கு வெச்சுக்கலாம்."

தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஏழு நிமிடம் ஆனது. பசியோடு பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியும்.

செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் இதை என்னால் எழுதியிருக்க முடியாது. பாயின் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. பை மாற்றுகிற நாள். போன ஆடி முதல் வாரம், மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு நிலையத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தோம். கம்ப்ரசரின் ரிலே போயிருந்தது. சின்னப் பொருள், உள்ளங்கையில் அடங்கும். பாய் பையைக் கவிழ்த்தார். குடை வந்தது. இன்னொரு குடை வந்தது. மூன்றாவதும் வந்தது. ரிலே வரவில்லை. அது அடிவாரத்தில், முந்தின நாள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்த வெயில் பையில் இருந்தது.

நர்ஸம்மா மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க பாய், மழை ஃபிரிட்ஜுக்குள்ளயாங்க பெய்யுது?"

பாய் வீட்டுக்குப் போன் போட்டார். ரிலே ஒரு சேமியா டப்பாவில் ஏறி, கண்டக்டர் மடியில் உட்கார்ந்து, எழுபது வளைவும் தாண்டி வந்தது. இரண்டரை மணி நேரம். அதுவரை பக்கத்தில் விவசாயம் பார்க்கிற காட்டுக்காரர் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றோம். மருந்து தப்பியது. என் பொறுமை தப்பவில்லை.

அன்றைக்கே பட்டியல் போட்டேன். எல்லாக் காலத்துக்கும் ஒரே பை, பதினான்கு பொருள். மீதி இருபத்தேழும் ஏன் வேண்டாம் என்று எதிரே காரணமும் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். பாயிடமும் காட்டினேன், முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

"நல்லாருக்குது தம்பி. மெஷினுக்கு வேணுங்கறது ஒண்ணு விடாம இருக்குது. அத ரிப்பேர் பண்றவனுக்குத்தான் ஒண்ணயும் காணோம்."

"மனுஷன் சமாளிச்சுக்குவான் பாய்."

"சமாளிப்பான், சமாளிப்பான்" என்றார். மறுநாளும் நாற்பத்தொன்றோடுதான் வந்தார். மேலாளரும் பாயின் வயதைப் பார்த்துப் பட்டியலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, நான் மட்டும் பதினான்குக்கு மாறிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் ஒரு வரியை இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் பாய் எப்போதும் என்னைச் சன்னலோரம் தள்ளுவார். "எனக்குச் சன்னல் காத்து ஆவாது" என்பார். பதினைந்தாவது வளைவு வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "தல சுத்துது தம்பி." பக்க அறையிலிருந்து எலுமிச்சையை எடுத்து நகத்தால் கீறி முகர்வார். இன்னொன்றை என் கையில் திணிப்பார். "தனியா மோந்தா ஒரு மாதிரியா இருக்குது, நீயும் மோந்து பாரு." அவருக்காகப் போகட்டும் என்று நானும் முகர்வேன். உண்மையில் பத்தாவது வளைவிலேயே என் வயிறு தொண்டைக்கு வந்திருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில் மட்டும், இத்தனை வருடம் மலை ஏறியும் பாய்க்குத் தலைசுற்றல் நிற்கவில்லை என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். பட்டியலில் எழுதியிருந்தேன்: "எலுமிச்சை 2, பாலிதீன் கவர் 2. ஒரு பணியாளரின் சொந்த உபாதைக்கானவை. நீக்கலாம்."

செவ்வாய்க்கிழமை மாலைத் தொழுகைக்கு முன்பே பாயின் அடக்கம் முடிந்தது. மழை. பள்ளிவாசல் வாசலில் நர்ஸம்மாவும், தேவனூர் நாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த நாலைந்து காட்டுக்காரர்களும் நனைந்துகொண்டு நின்றார்கள். என்னிடம் பதினான்கு பொருள் இருந்தது. அதில் குடை இல்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "உங்க லிஸ்ட்டையே போட்டுடலாம். பாய்க்காகத்தான் இத்தனை நாள் நிறுத்தி வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் பையை வாங்கி, கம்பெனி சாமானை எடுத்துட்டு மீதியைக் கழிச்சுடுங்க." நான் ஜெயித்துவிட்டேன். சரி என்றேன்.

பாய் வீட்டு வாசலில் மைத்துனர் மழைப் பையைக் கொண்டுவந்து வைத்தார். செவ்வாய்க்கிழமைக்காகக் கட்டியது, யாரும் பிரிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். பக்க அறையில் எலுமிச்சை இரண்டு, கவர் இரண்டு.

"இதை நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். "பாயோட தலைசுத்தலுக்கு வாங்கினது."

"மச்சானுக்கா? தலசுத்தலா?" அந்த வீட்டில் இரண்டு நாளில் முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். "ஏழு வருஷம் மொளகு லாரியில கிளீனருங்க அவரு. மூட்டை மேல படுத்துத் தூங்கிட்டே மல எறங்குவாரு. இது கூட வர்ற எஞ்சினியர் தம்பிக்குங்க. படிச்ச புள்ள, வாந்தி வருதுன்னு சொல்றதுக்குக் கூச்சப்படுது, நாஞ் சுத்துதுன்னு சொன்னாத்தான் மோந்து பாக்குதும்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த எஞ்சினியர் தம்பி யார் என்பது அவருக்கு உறைத்தது. "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

சொந்த உபாதை. நான் எழுதிய வரி. பாய் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்கிறார். மறுநாளும் பதினைந்தாவது வளைவில் நெற்றியைப் பிடித்திருக்கிறார்.

பையை மறுபடி கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடை ஆறு கிலோ இருநூறு. இனி செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போய் என் பட்டியலைத் திரும்ப வாங்குவேன். காரணம் கேட்டால் வாந்தி என்பேன்.

2. மூன்று குடையில் ஒன்றை எடுத்துவிடுவேன். மூன்று அதிகம்தான் பாய். இதில் நான் மாறவில்லை.

3. ரிலேவையும் சின்ன உதிரிகளையும் சிவப்புத் துணிப்பையில் போட்டு, எந்தக் காலத்துப் பையாக இருந்தாலும் முதலில் அதைக் கட்டுவேன்.

4. மார்கழியில் பனிப் பைக்கு மாறுவேன். பனியன் என் அளவுக்கு வாங்க வேண்டும்.

5. இரட்டை முடிச்சை ஏழு நிமிடத்துக்குள் அவிழ்க்கப் பழகுவேன்.

6. எலுமிச்சை இரண்டு வாங்குவேன். பதினைந்தாவது வளைவில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், தலை சுற்றுவது எனக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்வேன்.