மன்னி எழுதிய ‘மாற்று’

புகார் நாலே வரிகளில் இருந்தது. கையேட்டின் வாசகர்கள் குறைகளை எழுதும் பக்கத்தில் எது வந்தாலும் எனக்கும் மன்னிக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் வரும். சாப்பாட்டு மேஜையின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஆளுக்கொரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தோம். அவர்தான் முதலில் படித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு அதை இறக்கவே இல்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் ஏற்றியிருந்தார்.

“கையேட்டில் சொன்னபடியே செய்தேன். புத்தகப் பட்டியல் முழுவதும் போய்விட்டது. நான் செய்த தவறு என்ன என்று சொல்லவும்.” கீழே பெயர். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நூலகப் பொறுப்பாளர்.

சிறிய நூலகங்கள் தங்கள் புத்தகங்களைக் கணினியில் பதிந்து வைப்பதற்கான மென்பொருள் அது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் சிலர் எழுதியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் அதன் தமிழ்க் கையேட்டைப் பார்த்துக்கொண்டேன். மன்னி, என் அண்ணாவின் மனைவி, அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னோடு சேர்ந்துகொண்டார். திருவனந்தபுரத்தில், கரமனையில் ஒரே வீட்டில் இருந்தோம். கையேட்டின் முக்கால்வாசி அவர் எழுதியது.

மன்னி தஞ்சாவூரில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அந்த வீட்டில் அவருடைய அந்தஸ்து அவருடைய தமிழ்தான். “வெள்ளம் குடிக்கப்படாது அப்பா, வெள்ளத்துல முங்கிப் போயிடுவேள். தண்ணி குடிங்கோ” என்று, மலையாளத்தில்போலத் தண்ணீரை ‘வெள்ளம்’ என்று சொன்ன என் அப்பாவையே கேலி செய்த ஒரே மனுஷி. மலையாளம் பேசும் காய்கறிக்காரரிடம்கூட ஊர்த் தமிழிலேயே பேரம் பேசுவார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். எங்கள் தமிழில் பாதி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் நான் அகராதியை எடுக்க மாட்டேன். “மன்னி, இது தமிழா?” என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பேன்.

பத்திரிகை மேஜையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு செய்தியில் ‘காவலர்’ என்று எழுதினால் அடுத்த பத்தியில் ‘போலீஸ்காரர்’ என்று எழுதக் கூடாது. வாசகர் இரண்டு பேர் வந்ததாக நினைத்துக்கொள்வார். கையேட்டுக்கு இந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே வாசகர் ஒவ்வொரு வினைச்சொல்லையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு விரலை அசைக்கிறார். எங்கள் கையேட்டைப் பல ஊர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுவதற்கு முன்னால் பழைய பட்டியல் கோப்பை வேறோர் இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். இதை மதுரைக்காரர் ஒருவர் ‘அப்புறப்படுத்தவும்’ என்று எழுதியிருந்தார். கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் ‘வேறிடத்தில் வைக்கவும்’ என்று எழுதியிருந்தார். மன்னி எழுதிய பக்கங்களில் ‘மாற்றவும்’ என்று இருந்தது. மன்னியுடையது சுருக்கமாக இருந்தது, மன்னியுடையதாகவும் இருந்தது. எல்லாப் பக்கங்களிலும் அதையே போட்டேன்.

கோயம்புத்தூர்ப் பெண் திட்டத்தின் விவாதப் பக்கத்தில் கேட்டார். “மாற்றவும் என்றால் கோப்பைத் திறந்து திருத்துவது என்று அர்த்தம் ஆகாதா?” அதற்கு மன்னி, எல்லோரும் பார்க்கும் அந்தப் பக்கத்தில், பதில் எழுதினார். “நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்.” நான் அதற்குக் கீழே ‘முடிவானது’ என்று குறித்து விவாதத்தை மூடினேன்.

நூலகப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தது நான்தான். நிதானமாகப் பேசினார். “மாத்தச் சொல்லியிருந்தீங்க சார். எதை மாத்துறதுன்னு சொல்லலை. நானும் ரொம்ப யோசிச்சுட்டு, மேல இருந்த தேதியை மட்டும் இன்னைக்குத் தேதியா மாத்தி வச்சேன். பொறவு அடுத்தது என்ன போட்டிருக்கோ அதைச் செஞ்சேன்.” புதிய பதிப்பு அந்தக் கோப்பின் மேலேயே தன் வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டது. நூலகம் மூடியிருக்கும் நாட்களிலும் போய் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து வைத்தவை எல்லாம் போய்விட்டன. “கையால எழுதின அட்டைங்க இருக்கு சார், பரவால்ல” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

தொலைபேசியை வைத்தேன். வாசலில் யாரோ ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தியிருக்க வேண்டும். “வண்டியை மாத்துங்கோ, வண்டியை மாத்துங்கோ” என்று பக்கத்து வீட்டு மாமா கத்திக்கொண்டிருந்தார். வண்டியை அங்கிருந்து எடுக்கச் சொல்கிறார். தமிழ்நாட்டில் இதைக் கேட்பவர் வேறு வண்டி வாங்கச் சொல்வதாக நினைப்பார். மலையாளத்தில் ஒன்றை இருந்த இடத்திலிருந்து எடுப்பதற்கும் அந்தச் சொல்தான். எங்கள் தெருவில் நாங்கள் எல்லோரும் தட்டையும் நாற்காலியையும் அப்படித்தான் ‘மாத்துகிறோம்’. மன்னி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் அவருக்கும் விளங்கியது என்று நினைக்கிறேன்.

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த அண்ணா பத்திரிகையிலிருந்து தலையை எடுத்தார். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கல்யாணம் ஆன புதுசுல அம்மா இவகிட்ட ‘அந்தத் தட்டை மாத்து’ன்னா. இவ உள்ள போய் வேற தட்டு கொண்டுவந்து வெச்சா. ‘மறுபடியும் மாத்து’ன்னா அம்மா. இன்னொண்ணு கொண்டுவந்தா! அந்தத் தஞ்சாவூர் இப்போ எவிடே போச்சு, கேக்கறேன்?”

“எங்க போச்சுன்னு தெரிஞ்சா போய் எடுத்துண்டு வரமாட்டேனா?” என்றார் மன்னி. குரலில் கோபம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதினவா பேர் எல்லாம் போட்டிருக்கே, முதல் பக்கத்துல. அதுலேர்ந்து என் பேரை மாத்திடு” என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. அண்ணா மேஜையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தியா, மறுபடியும்!” மன்னியின் முகம் சிவந்தது. கேஸ் அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் எழுந்து சமையலறைக்குப் போனார். அண்ணா சிரித்ததற்காக நான் வெட்கப்பட்டேன். என் வாயோரமும் கொஞ்சம் விரிந்திருந்தது.

திட்டத்துக்குப் பொறுப்பான மலையாளி இளைஞரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. “சாரே, ஒரு வாக்கல்லே. மாற்றியால் மதி” என்றார். ஒரு சொல்தானே, மாற்றினால் போதும் என்கிறார். போதும்தான். கணினியிடம் சொன்னால் எல்லாப் பக்கங்களிலும் ஒரு நொடியில் மாற்றிவிடும். சீராக எழுதியிருந்ததால் திருத்துவதும் சுலபமாக இருந்தது. ஒரு தவறு ஓரிடம்கூட விடாமல் அத்தனை ஒழுங்காகப் பரவியிருந்ததை என் பத்திரிகை வாழ்க்கையில் நான் கண்டதில்லை. முதல் பக்கத்திலிருந்து மன்னியின் பெயரையும் எடுத்தேன். ஆனால் இந்த மாதிரித் திட்டங்களில் யார் எந்த வரியை எப்போது எழுதினார், யார் எடுத்தார் என்பதெல்லாம் வரலாறாக அப்படியே இருக்கும். ‘நான் தஞ்சாவூர்க்காரி’ என்ற வரியும் இருக்கிறது. அதன் கீழே என் ‘முடிவானது’ம் இருக்கிறது.

மன்னி இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். கையேட்டுக்கு எழுத வரும் புதியவர்களுக்கு நான் கொடுக்கும் விதிகளில், ‘மாற்று’ என்று எழுதினால் எதை, எதுவாக என்று சேர்த்து எழுத வேண்டும் என ஒரு வரி உண்டு. இவ்வளவு சாதாரணச் சொல்லுக்கு எதற்கு விதி என்று கேட்பார்கள். குழப்பம் வந்தது என்பேன். யாருக்கு என்று கேட்டால் வாசகருக்கு என்பேன். அந்தப் பதில் முழு உண்மையில்லை என்று சொல்லும்போதே தெரியும்.

அன்று சமையலறைக்குப் போன மன்னி, மறுநாள் காலையில் என்னிடம் அந்த நூலகப் பொறுப்பாளரின் எண்ணைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். “அட்டையெல்லாம் இருக்குன்னு சொன்னேளாமே. நீங்க படியுங்கோ, நான் அடிக்கறேன்” என்றார் அவரிடம். அன்றிலிருந்து மத்தியானங்களில் தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து புத்தகத்தின் பெயர் வரும், ஆசிரியர் பெயர் வரும். மன்னி தட்டச்சு செய்வார். எதிரே நான் என் வேலையைப் பார்ப்பதாகப் பேர்.

முன்பெல்லாம் மன்னி பேசினால் மூச்சு விட இடம் இருக்காது. அந்த மத்தியானங்களில் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் முன்னால் நின்றார். ‘அட்டையை அந்தப் பக்கம்’ என்று தொடங்கி, நிறுத்தி, ‘வைத்துவிடுங்கள்’ என்று எழுத்துத் தமிழில் முடித்தார். பல்லி பிடிக்கும் பூனையைப் போலச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகுதான் எடுப்பார். எங்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் இப்படி ஒரு பயம் இருந்ததில்லை. எங்களுக்கு இழக்கத் தஞ்சாவூர் என்று ஒன்று இல்லை.

கடைசி அலமாரிக்கு வந்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து அந்த நல்ல மனிதர் கேட்டார். “அம்மா, நானும் நாலஞ்சு நாளாக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க கேரளாக்காரங்கதான? தமிழ் எவ்வளவு நல்லாப் பேசுறீங்க!”

மனதாரச் சொன்னார். அது குரலிலேயே தெரிந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மன்னி என்னைப் பார்க்கிறாரா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. விசைப்பலகைச் சத்தம் நின்றிருந்தது.

“ஆமாம்” என்றார் மன்னி. “கரமனை. அடுத்த புஸ்தகம் சொல்லுங்கோ.”