அக்கா எழுதிய ஷூராகு

சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அக்கா எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவார். குன்றடியில் தகரக் கூரைகளுக்கு மேலே புகை தெரிந்ததும், "எங்கம்மா எந்திரிச்சிருச்சு, அடுப்பு புகையுது" என்பார். புகை தெரியாத நாளில் யாரோடும் பேசமாட்டார். அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. மொழிபெயர்ப்புப் பிரிவில் அடுத்த மேசைக்காரர். தருமபுரிப் பக்கமிருந்து கல்குவாரி வேலைக்கு வந்தவர்களின் அந்தக் குடியிருப்பில் பிறந்து, ஜப்பானிய மொழி படித்து மேலே வந்தவர்.

தொழிற்சாலையை விரிவாக்கும் அறிக்கையில் ஒருநாள் அந்த இடமே வந்தது. ஆங்கிலத்தில் 'ஹேம்லெட்', அதாவது சிற்றூர், என்று போட்டிருந்தார்கள். ஜப்பானியத்தில் 'முரா' என்றால் அலுவலகமும் நிர்வாகமும் உள்ள கிராமம். இது அத்தனை பெரியதில்லை. நான் அகராதியைப் பார்த்து 'புராகு' என்றேன்.

"அது வேணாம்மா. நம்ம பக்கம் சேரின்னு சொன்னா குத்துதில்ல, ஜப்பான்ல அது அப்படித்தான் குத்தும்" என்று சொல்லி, 'ஷூராகு' என்று எழுதினார். வீடுகள் சேர்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். ஜப்பானில் அதைப் படிக்கிறவர்களுக்கு அங்கே மனிதர்கள் வாழ்வது தெரிந்துவிடும், இடிக்க யோசிப்பார்கள் என்று நம்பினார்.

திருத்தி வந்த ஆங்கில அறிக்கையில் ஹேம்லெட் போய், 'தற்காலிகக் கொட்டகைகள்' ஏறியிருந்தது. அக்கா மேனேஜரிடம் போய் நின்றார். இருப்பதை மட்டும் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிறந்த வீட்டைத் தன் கையாலேயே கொட்டகை என்று எழுதிவிட்டு, அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துப் போனார். கொட்டகைக்கு மாற்று இடம் யார் தருவார்கள்? குடியிருப்பை ஒரே காலையில் பிரித்துப் போட்டார்கள்.

அம்மாவை நிக்டியிலுள்ள தன் மாடி வீட்டுக்கு அழைத்து வந்தார். கேஸ் அடுப்பைத் தொடவே மாட்டேனென்று இருந்த அந்த அம்மாள், மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டார்.

போன வாரம், ஜப்பானிலிருந்து புதிதாக வந்த அதிகாரியோடு காரில் அதே வழியில் போனேன். குன்றடியில் இப்போது லாரிகள் நிற்கின்றன. முன்பு இங்கே என்ன இருந்தது என்று அவர் கேட்டார். ஓட்டுநரிடம் கேட்டேன்.

"குச் நஹி தா மேடம், காலி ஜமீன்" என்றார்.

ஒன்றுமில்லை, வெறும் நிலம். அதை அப்படியே சொல்வதுதான் என் வேலை. "ஷூராகு இருந்தது" என்று ஜப்பானியத்தில் சொன்னேன். "என் அக்காவின் அம்மா அங்கே சமைத்துக்கொண்டிருந்தார்."

அதிகாரி இடப்பக்க ஜன்னலுக்குத் திரும்பி வெகுநேரம் பார்த்தார். பார்க்க லாரிகள்தான் இருந்தன.