எங்க டீம் ஆளு

பெங்களூரிலிருந்து வந்த கபடி டீமுக்கு நான்தான் டாக்டர். பிறந்தது இதே கீரமங்கலம் பக்கம்தான். ஆனால் டாக்டர் பதிவு கர்நாடகத்தில் என்பதால், கூட வந்த டீமுக்கு மட்டும் இங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று எனக்கு விலக்கு. உள்ளூர் ஆட்டக்காரர் யாருக்கும் பார்க்கக்கூடாது. போட்டிக் கமிட்டிக்காரர் ஒருவர் இதையே சொல்லிச் சொல்லி என் காதில் ரத்தம் வராத குறை. பிறந்த மண்ணில் இப்படி ஒரு மரியாதை!

சாயங்காலம் கடைசி ஆட்டம். பாடி வந்த உள்ளூர் ரைடரை எங்கள் ஆட்கள் அப்படியே அலாக்காகத் தூக்கிப் போட்டார்கள். தலை தரையில் மோத மல்லாந்து விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

"வேணும்னே போட்டுட்டானுங்கடா!"

அவ்வளவுதான். சேர்கள் பறந்தன. எங்கள் கேப்டனுக்கு வாய் கிழிந்து பல் தெறித்தது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பந்தல் கம்பைப் பிடுங்கி விளாசினார்கள். போட்டிக்கென்று ஏற்பாடு செய்திருந்த உள்ளூர் டாக்டர் வந்தே சேரவில்லை. விழுந்தவனைக் கையும் காலுமாகத் தூக்க ரெண்டு பேர் குனிந்தார்கள்.

"தூக்காதீங்க! கழுத்து போயிரும்!" என்று ஓடினேன்.

கமிட்டிக்காரர் குறுக்கே வந்தார். "டாக்டரம்மா, நீங்க ஒங்க டீம் ஆளை மட்டுந்தான் பாக்கணும். பின்னாடி வம்பாப் போயிரும்ங்க."

"முதலுதவிக்கு என்னய்யா விதி? நகருய்யா!" என்று தள்ளினேன். மனுஷன் மல்லாக்க விழுந்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் அடிபட்டவனின் அண்ணன். எங்கள் கேப்டன் மேல் பாய்ந்து, ஜெர்சியை உருவிக்கொண்டு ஓடிவந்தான். "இப்ப எந்தம்பியும் ஒங்க டீம்தானே! பாருங்கக்கா!" என்று, ஜெர்சியை மாட்டிவிடத் தம்பியின் தலையைத் தூக்கப் போனான்.

விட்டேன் ஒரு அறை. "தலையைத் தொட்டே, செத்துருவான்டா!"

அவன் கையிலிருந்ததை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். ஜெர்சி தம்பியின் நெஞ்சில் விழுந்து கிடந்தது. நான் மண்டியிட்டு, தலை அசையாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதுகில் ஒரு சேர் வந்து விழுந்தது. கையை எடுக்கவில்லை.

"கால் பெருவெரலை ஆட்டு தம்பி."

"ஆட்டுறேன்க்கா."

ஆடவில்லை. பாவிகளா, ஒரு ஆட்டத்துக்கா இது என்று அழுதுகொண்டே திட்டினேன்.

ஆம்புலன்ஸோடு போலீஸும் வந்தது. "நீங்க யாரும்மா? இவருக்குப் பாக்க உங்களுக்கு யார் பர்மிஷன் குடுத்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன்காரன் முந்திக்கொண்டான். கன்னத்தில் என் விரல் அஞ்சும் சிவந்திருந்தன. "இவன் அவுக டீம் ஆளுங்க சார். சட்டையப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்க, கமிட்டிக்காரர் வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஆமாங்க" என்றார்.

பல மாதம் கழித்து அந்த அண்ணன் போன் பண்ணினான். "அக்கா, இனிமே கபடி கெடையாதுன்னுட்டாக. ஆனா ஒங்க டீம் ஆளு இன்னைக்குச் செவுத்தைப் பிடிச்சு நின்னுட்டான்க்கா."

தம்பி போனைப் பிடுங்கினான்.

"பெருவெரல் ஆடுதுக்கா. அன்னைக்கு மாதிரி இல்லக்கா, இப்ப நெசமாவே ஆடுது."