மஞ்சள் கயிறும் தெருமுனைக் கேமராவும்

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஒரு போலீஸ் கேமரா இருக்கிறது. அதன் கீழே நடக்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அது என்னைப் பார்க்கிறதா, பார்ப்பதுபோல் நடிக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் திறந்துவைத்த அன்று என் சித்தி கட்டியிருந்த மஞ்சள் கயிறுதான் நினைவுக்கு வரும்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, கோயிலிலிருந்து திரும்பும் வழியில், பைக்கில் வந்த இருவர் சித்தியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தக் கோடு. வீட்டுக்கு வந்ததும் அழக்கூட இல்லை. விரலி மஞ்சளைக் கயிற்றில் முடிந்து சித்தப்பாவைக் கட்டச் சொன்னாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இன்ஸ்பெக்டர் உபசரித்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. நாற்காலி, காபி, மின்விசிறியைக்கூட எங்கள் பக்கம் திருப்பினார்.

"பறிச்சிட்டாங்கன்னு எழுத வேண்டாம்மா. தொலைஞ்சுபோச்சுன்னு குடுங்க. இந்த வருஷம் வழிப்பறி குறைஞ்சாதான் மேலேர்ந்து கேமராவுக்குப் பணம் வரும். ஸ்வல்ப யோசனை பண்ணுங்க, உங்க தெருவுக்குத்தான் நல்லது" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"அப்போ இந்தக் காயம் எப்படி வந்துச்சு சார்? பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருட்டாயிடுமா?" என்றாள் சித்தி.

அவளுக்கு வேண்டியதெல்லாம் சங்கிலியை அவர்கள் தேட வேண்டும் என்பதுதான். தொலைந்த பொருளுக்குத் திருடனை யார் தேடுவார்கள்? அவள் மாற்றி எழுத மறுத்தாள். அவர்கள் புகாரை வாங்க மறுத்தார்கள்.

பணம் வந்தது, கேமராவும் வந்தது. தெருவில் நாற்காலி போட்டு விழா. "நம்ம ஏரியாவுல இந்த வருஷம் ஒரு வழிப்பறிகூட இல்லை" என்று இன்ஸ்பெக்டர் மைக்கில் சொன்னதும் சித்தி எழுந்தாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். அவளோ மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டு அக்கா எழுந்தாள். அவள் கழுத்திலும் கயிறு. பின்வரிசையில் இன்னொருத்தி. அடிப்பாவிகளா, நீங்களும் 'தொலைத்தவர்கள்'தானா! இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

சங்கிலி கிடைக்கவே இல்லை. சித்தி அந்தக் கயிற்றோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

நேற்று கேமராவுக்குக் கீழே புதுப் பலகை மாட்டியிருந்தார்கள்: 'வழிப்பறி இல்லாத பகுதி'. முந்தாநாள்வரை தங்கச் சங்கிலி போட்டிருந்த எங்கள் கீழ்வீட்டுப் பெண் அதை அண்ணாந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை.