டீச்சர் கையில் ஐந்து கோடுகள்

தசை ஆய்வுக்கூடத்து டீச்சருக்கு ஒரு பிடிவாதம். மாணவர் கையில் மின்சாரம் படும் முன் தன் கையில் பட்டாக வேண்டும். "முதல்ல எனக்கு, அப்புறம்தான் உங்களுக்கு," என்று மணிக்கட்டை நீட்டிவிடுவாள். பத்தொன்பது வருஷமாக இதே கதைதான். அதைப் பார்த்த பிறகு, பயந்தாங்கொள்ளிகள்கூட சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

அன்று அவள்தான் பயந்தாங்கொள்ளி.

ஒரு மாதமாக, சாயங்காலமானால் அவளது இடது இமை இறங்கிவிடுகிறது. பாதிச் சாப்பாட்டில் தாடை சோர்ந்துபோகிறது. "கண்ணாடியை மாத்து, சரியாப்போயிடும்," என்றார் கணவர். அவருக்கு உலகத்து வியாதிக்கெல்லாம் கண்ணாடிதான் மருந்து. அவளால் அப்படிப் பூசி மெழுக முடியவில்லை. அவளுடைய அக்காவுக்கும் இமையில்தான் ஆரம்பித்தது, மூச்சில் முடிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, டாக்டரிடம் போகத்தான் கால் வரவில்லை.

அன்றைய பாடம், நரம்பை அடுத்தடுத்து ஐந்து முறை தூண்டுவது. நல்ல தசையென்றால் திரையில் ஐந்து கோடும் ஒரே உயரத்தில் நிற்கும். அக்காவுக்கு வந்த தசை சோரும் வியாதியில் அவை படிப்படியாகக் குட்டையாகும். முந்தின வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"இன்னைக்கு வேற யாராவது முதல்ல வர்றீங்களா?"

"என்ன மேடம், நீங்களே நழுவுறீங்க?" வகுப்பே சிரித்தது.

கையை நீட்டினாள். ஆய்வக உதவியாளர் பொத்தானை அழுத்தினார். முதல் கோடு உயரமாக எழுந்தது. இரண்டாவது கொஞ்சம் குட்டை, மூன்றாவது இன்னும் குட்டை. நாலாவதும் ஐந்தாவதும் பாதிகூட இல்லை.

"வயர் கழண்டிருக்கும் மேடம்," என்றாள் முன்வரிசைப் பெண்.

"ஆமா, வயர்தான்!" டீச்சர் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். கடவுளே, வயராக இருக்கட்டும்.

உதவியாளர் வயரைப் பிடுங்கித் தன் மணிக்கட்டில் ஒட்டி அழுத்தினார். ஐந்தும் ஒரே உயரம்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு!" மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

முன்வரிசைப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். முணுமுணுப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நடந்தது புரியாத ஒருவன் மட்டும் கடைசியிலிருந்து கேட்டான்: "ரெக்கார்டுல யாரோடதை வரையணும் மேடம்? உங்களோடதா, லேப் அண்ணனோடதா?"

"ரெண்டையும். பக்கத்துல பக்கத்துல வரைங்க," என்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய்க் கணவரை அழைத்தாள்.

"உடனே வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."